வீட்டுக்குள் ஒரு பைப் ஆர்கன்

கேள்வி: எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியும். கணினியிலேயே பைப் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் தேவாலய வாத்தியம்) வாசிக்கலாம் என்கிறார்களே, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையை அதில் வாசிக்க என்னவெல்லாம் வேண்டும்?

பதில்: மிடி கீபோர்டு (கணினியோடு இணைக்கும் இசை விசைப்பலகை) ஒன்று இருக்கிறதா? அப்படியானால் இன்றைக்கே தொடங்கலாம். கிராண்ட்ஆர்க் மென்பொருள் இலவசம். ஹாப்ட்வெர்க் என்ற இன்னொரு மென்பொருளுக்குக் காசு செலவாகும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இவற்றில் வாசிப்பதற்காக நிஜ ஆர்கனின் குழாய்களை ஒவ்வொன்றாக ஒலிப்பதிவு செய்து தருகிறார்கள், நெதர்லாந்தின் ஸ்வோலெ நகரில் 1721-இல் முடிந்த ஷ்னிட்கர் குடும்பத்தார் செய்த ஆர்கன்கூட இப்படிக் கிடைக்கிறது, கையை எடுத்த பிறகும் அந்தத் தேவாலயத்தின் எதிரொலி உங்கள் அறையில் நீளும்போது சிலிர்க்கும். ஆனால் இத்தனை ஒலிப்பதிவும் கணினியின் ராமில் (தற்காலிக நினைவகத்தில்) ஏற வேண்டும். பெரிய ஆர்கன்கள் 16 ஜிபியை அப்படியே விழுங்கிவிடும். விண்டோஸ் என்றால் ஏசியோ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) போடுங்கள், இல்லாவிட்டால் விசையை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் சத்தம் வரும், எரிச்சலாக இருக்கும்.

காலால் வாசிக்கும் பெடல் பலகை (30 அல்லது 32 விசை) விலை அதிகம். அவசரப்படாதீர்கள், கைகளுக்கு மட்டுமான பாக்கின் இரண்டு குரல் இன்வென்ஷன்களில் (இரண்டு மெட்டுகள் பின்னிவரும் சிறு இசைத் துண்டுகள்) தொடங்குங்கள். பியானோ பழக்கம்தான் உண்மையான தொல்லை: இங்கே ஓங்கி அழுத்தினாலும் ஒலி அதிகமாகாது, ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலும் கிடையாது, விரலை எடுத்த கணமே ஸ்வரம் நின்றுவிடும். அதனால் ஸ்வரம் அறுந்துபோகாமல், அழுத்திய விசையை விடாமலே விரலை மாற்றிப் பிடிக்கப் பழகுங்கள்.