அண்ணன் சொன்னார் என்று வீட்டை அடகு வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த அந்த அம்மா உட்காரும் முன்பே கேட்டுவிட்டார்: "பையனுக்கு இங்கே மெடிசின் சீட் கிடைக்காதாம். வெளிநாட்டுக்கு அனுப்பு என்கிறார் அண்ணன். வீட்டின் மேல் பாண்ட் எடுக்கலாமா?" பாண்ட் என்றால் வீட்டை அடகு வைத்து வாங்கும் கடன். 11ஆம் வகுப்புப் படிக்கும் மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

முதலில் தண்ணீர் கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அப்புறம் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. இதே கேள்வி பல வீடுகளில் இருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

பாண்ட் எடுக்காதீர்கள், அம்மா. அங்கே படித்துத் திரும்பினால் மருத்துவக் கவுன்சில் தேர்வு காத்திருக்கிறது. அதைத் தாண்டினால் 2 வருட இன்டர்ன், 1 வருட சமூக சேவைப் பணி. அந்த இடங்களுக்கு இங்கே படித்தவர்களே காத்துக் கிடக்கிறார்கள். அதுவரை மாதத் தவணையை யார் கட்டுவது? அண்ணனா?

பையனிடம் தனியாகப் பேசினேன். டர்பன் துறைமுகத்தை ஒட்டிய பேஹெட் ரயில் யார்டு பக்கம் போனால் சரக்கு வேகன்களை எண்ணிக்கொண்டு நிற்பானாம். "இரும்புச் சுருள் ஏற்றின வேகனில் பாதி இடம் சும்மா இருக்கே, ஏன்?" என்று என்னையே கேட்டான். சுருள் என்றால் சுருட்டி வைத்த எஃகுத் தகடு. இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எஃகு ஆலைகளில் அவர்களுக்குச் சரக்கு ரயில் திட்டமிடுபவர் என்று பெயர்.

கணக்கு இப்படித்தான். ஒரு அச்சு 20 டன் தாங்கும் பாதை, வேகனுக்கு 4 அச்சு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 டன். வேகனின் சொந்த எடை 20 போனால் மிச்சம் 60. 25 டன் சுருள் என்றால் இரண்டுதான், 10 டன் வீணாகும். 19 டன் சுருள் என்றால் மூன்று ஏறும். எடை ஒரு பக்கம் சாயக்கூடாது. சூடாக உருட்டி வந்த சுருள் ஆறாமல் ஏற்ற முடியாது. துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கும். காலி வேகன் இன்னும் திரும்பியிருக்காது. வேகனைத் தாமதித்தால் அபராதம் வேறு.

இதையெல்லாம் பல ஆலைகளில் போனிலும் எக்செல் தாளிலும், அனுபவப்பட்ட ஒருவரின் ஞாபகத்திலும்தான் ஓட்டினார்கள். அவர் ஓய்வு பெற்றால் அத்தனையும் அவரோடு போய்விடும். இப்போது எஸ்.ஏ.பி. போன்ற நிறுவனங்களின் போக்குவரத்து மேலாண்மை மென்பொருளில் ஆர்டர், வேகன், எடைமேடை, ரயில் நேரம், கட்டணம் எல்லாம் ஒரே இடத்துக்கு வருகின்றன. ஆனால் எந்தச் சுருள் எந்த வேகனில் ஏறலாம் என்ற விதியை யாராவது அதற்குச் சொல்லித்தர வேண்டும். யார்டும் தெரிந்து கணினியும் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது.

இதற்கான தேவை நம் நாட்டிலேயே இருக்கிறது. 2017/18இல் ரயிலில் போன சரக்கு சுமார் 226 மில்லியன் டன். 2022/23இல் அது 150 மில்லியனுக்கும் கீழே இறங்கியது. ரயிலை விட்ட சரக்கில் எவ்வளவோ லாரிக்குப் போனது. டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 சாலையில் போகிற எவருக்கும் இது தெரியும். 2025 ஆகஸ்டில், அரசுத் தண்டவாளத்தில் ரயில் ஓட்ட 11 தனியார் நிறுவனங்கள் தேர்வாயின. அவற்றின் ரயில்கள் ஓடத் தொடங்கினால், எந்த ரயிலில் எதை அனுப்புவது என்று ஒவ்வொரு ஆலையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துக்குத் தனித் துறை இருக்கிறது, ஸ்டெல்லன்போஷில் லாஜிஸ்டிக்ஸ் துறை. குடும்ப வருமானம் வருடம் 3,50,000 ராண்டுக்குள் என்றால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வீட்டுப் பத்திரம் தேவையில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மார்க் ஏறும் என்று சொல்லி அவனை மேத்ஸிலிருந்து மேத்ஸ் லிட் என்ற எளிய அன்றாடக் கணக்குப் பாடத்துக்கு மாற்ற யார் வந்தாலும் விடாதீர்கள், அண்ணனே வந்தாலும் சரி.