கறுத்த பல்லுக்கு முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் வெனீர்

தருமபுரி வாசகிக்கு,

திருமணத்துக்கு முன் பற்களின் நிறத்தையும் இடைவெளியையும் பழுப்புத் திட்டுகளையும் சரிசெய்ய வெனீர், அதாவது பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய ஓடு, போடலாமா, எந்த மருத்துவரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வரியிலிருந்தே தொடங்குகிறேன். பன்னிரண்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட மேல் முன்பல் நாளடைவில் சாம்பல் நிறமாகிவிட்டதாகவும், அதற்கு மேலே ஈறில் பரு போல ஒன்று அவ்வப்போது கிளம்பி உடைந்து அடங்குவதாகவும், அப்போதெல்லாம் கிராம்பு எண்ணெய் தடவி, வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை ஒன்றிரண்டு வேளை போட்டுக்கொள்வதாகவும் சொல்கிறீர்கள். பெரும்பாலும் அந்தப் பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக்குழாய்களும் செத்துப்போயிருக்கும். வேரின் நுனியில் சேரும் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் வழியைத்தான் நீங்கள் பரு என்கிறீர்கள். சீழ் வடிந்துவிடுவதால் வலி தெரிவதில்லை, அவ்வளவுதான். ரத்த ஓட்டமே நின்றுபோன பல்லுக்குள் மாத்திரை எந்த வழியாகப் போய்ச் சேரும்? அரைகுறையாகப் போட்டுக்கொள்ளும் ஆன்டிபயாடிக் நோயைத் தீர்க்காது. கிருமிகளைத்தான் மருந்துக்குப் பழக்கும். இன்றோடு அதை நிறுத்துங்கள்.

இப்போது எந்த மருத்துவரிடம் போவது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே ஒரு புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, பத்துப் பற்களையும் சீவி இரண்டு நாளில் வெனீர் ஒட்டிவிடலாம் என்று தொகை சொன்ன மருத்துவமனையை விட்டுவிடுங்கள். ஈறைத் தொட்டுப் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல், ஒரு பல் மட்டும் ஏன் கறுத்திருக்கிறது என்று கேட்காமல் விலை சொல்பவருக்கு உங்கள் வாயைப் பற்றி எதுவும் தெரியாது. மெல்லிய வெனீர் வழியே அந்தச் சாம்பல் நிறம் பிறகும் தெரியக்கூடும். உள்ளே சீழும் தொடரும். நல்ல மருத்துவர் சிறிய எக்ஸ்ரே ஒன்று எடுப்பார், குளிர் வைத்துப் பல் உணர்கிறதா என்று பார்ப்பார், தேவையென்றால் பல்லின் பின்புறமாகத் துளையிட்டு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்வார். அதன்பின் பல்லுக்குள்ளேயே வெளுப்பு மருந்தை வைத்துச் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால், பலருக்குச் சீவாமலே நிறம் தேறிவிடுகிறது. திருமணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருப்பதால் இதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது.

சீவினால் பல் கெட்டுவிடுமா என்ற உங்கள் பயம் நியாயமானதே. பல்லின் கெட்டியான மேலுறையாகிய எனாமல் மீண்டும் வளராது. வெனீருக்குச் சுமார் அரை மில்லிமீட்டர்தான் எடுப்பார்கள். ஆனால் வெனீர் என்று சொல்லிவிட்டு முழுத் தொப்பியாகிய கிரௌன் போடும் இடங்களும் உண்டு, அதற்குச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை போய்விடும். எதைப் போட்டாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரலாம் என்பதை 26 வயதில் இருக்கும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே, சீவுவதற்கு முன் மாதிரி செய்து வாயில் வைத்துக் காட்டுவாரா, சீவாமல் செய்யக்கூடியது என்ன என்ற இரண்டையும் கேளுங்கள். எரிச்சலோடு பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

சுவரில் மாட்டியிருக்கும் குறுகியகாலப் பயிற்சிச் சான்றிதழ்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அழகியல் பல் மருத்துவம் என்று நம் நாட்டில் பல் மருத்துவ முதுநிலைப் பட்டமான எம்.டி.எஸ்.ஸில் தனிப் பிரிவு கிடையாது. வெனீருக்கும் கிரௌனுக்கும் செயற்கைப் பல் பிரிவிலோ பல் பாதுகாப்பு மற்றும் வேர் சிகிச்சைப் பிரிவிலோ எம்.டி.எஸ். முடித்தவரும், இடைவெளிக்குப் பல் சீரமைப்பு நிபுணரும் பொருத்தமானவர்கள். மாநிலப் பல் மருத்துவ மன்றப் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை.

மற்றவை சில்லறைக் கவலைகள். பழுப்புத் திட்டுகள் உங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் வந்திருக்கலாம். லேசான திட்டுகளை மேற்பரப்பில் மெருகேற்றியே குறைத்துவிடலாம். இளமஞ்சள் பல்லின் இயல்பான நிறம். மருத்துவரிடம் பல் சுத்தம் செய்துகொண்டால் பல் ஆடிவிடும் என்பது கட்டுக்கதை. யூடியூப் பார்த்துத் தேய்க்கும் கரித்தூளும் எலுமிச்சையும்தான் எனாமலை உண்மையில் தின்கின்றன. அவற்றைக் குப்பையில் போடுங்கள்.

இந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். உதடோ கன்னமோ வீங்கினாலும், வீக்கம் கண்ணின் கீழ்வரை ஏறினாலும், காய்ச்சல் வந்தாலும் வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இதுவரை எதை, எத்தனை முறை விழுங்கியிருக்கிறீர்கள் என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.