டிசம்பர் 21-க்கு ஒரு குச்சி போதும்: கேட்டவர்களுக்குப் பதில்

கோத்தகிரிப் பக்கம் பல வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். குளிர்காலக் கதிர்த்திருப்பம், அதாவது தெற்கே போன சூரியன் வடக்கே திரும்பும் நாள், பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டீர்கள்.

சார், உத்தராயணம் பொங்கலன்றுதானே? டிசம்பர் 21 என்கிறீர்களே? (குன்னூர்)

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ல்தான். 2023-ல் 22 காலை, 2025-ல் 21 இரவு. பொங்கல் என்பது, நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் மகர ராசிக்குள் சூரியன் நுழையும் நாள். ஏறக்குறைய 1,700 வருடத்துக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. பூமி தலையாட்டும் பம்பரம் மாதிரி, ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 வருடம் எடுத்துக்கொள்வதால், 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் விலகி, இப்போது மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. பஞ்சாங்கத்தில் தப்பில்லை, அது பிடித்திருக்கும் கயிறு வேறு.

வீட்டிலேயே பார்க்க முடியுமா அண்ணா? (கட்டபெட்டு)

முடியும். சமதளத்தில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நடுங்கள். நம் ஊரில் உச்சி 12 மணிக்கு இல்லை, அன்றைக்கு 12.20 வாக்கில்தான். நிழல் வடக்கே சுமார் 70 சென்டிமீட்டர் விழும். ஜூன் 21-ல் அதே குச்சி தெற்கே 21 சென்டிமீட்டர்தான் காட்டும். ஆனால் டிசம்பர் 14-க்கும் 21-க்கும் வித்தியாசம் சுமார் அரை சென்டிமீட்டர்தான், அதனால்தான் சூரியன் நின்றுவிட்டதாகப் பழைய ஆட்கள் சொன்னார்கள். நான் மூன்று வாரம் ஆணி அடித்துக் குறித்து வைத்ததை ஒருமுறை காட்டுமாடு வந்து மொத்தமாக மிதித்துவிட்டுப் போனது, வேலி இல்லாத இடத்தில் நடாதீர்கள்.

வெளிநாட்டில் இதற்கு அவ்வளவு கொண்டாட்டம் ஏன்? (ஊட்டி)

அயர்லாந்தின் நியூகிரேஞ்சில், சுமார் கி.மு. 3200-ல் கட்டிய மேட்டுக் கல்லறை இருக்கிறது. வாசலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு. கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில நாள் காலையில் மட்டும் வெயில் அதன் வழியாக 19 மீட்டர் நடையில் ஊர்ந்து உள்ளறைத் தரையைத் தொட்டு, 17 நிமிடம் போல இருந்துவிட்டுப் போகும். அங்கே அன்றைக்குப் பகல் ஏழரை மணி நேரம்தான், அவர்களுக்கு நிஜமாகவே ஏழரை! நமக்கோ பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வெளிச்சம் திரும்பி வருமா என்ற பயம் நமக்கு எதற்கு? சீனாவில் அரிசி மாவு உருண்டை, ஈரானில் யல்தா இரவில் மாதுளம்பழம், அதெல்லாம் பொழுது போகாத நீண்ட ராத்திரிக்கு ஏற்ற தீனி.

படகர்களின் ஹெத்தை ஹப்பா பண்டிகை, தோடர்களின் மொற்பர்த் எல்லாம் இதற்குத்தானா? (கூடலூர்)

அப்படி ஒட்டவைக்காதீர்கள். குளிர்காலத்தில் வருகின்றன, அவ்வளவே. பேரகணியில் வெள்ளை உடுத்தி வருகிறவர்கள் ஹெத்தையம்மனைக் கும்பிட வருகிறார்கள், முத்தநாடு மந்தில் (தோடர் குடியிருப்பில்) கூடுகிறவர்களுக்கு அது புத்தாண்டு. சூரியனை இடையில் நுழைக்க வேண்டாம்.

பகல் நீள ஆரம்பித்த பிறகும் ஜனவரியில்தானே உறைபனி கொல்கிறது? (கேத்தி)

தரை வாங்குவதைவிட இழப்பது அதிகமாக இருக்கும்வரை குளிர் ஏறிக்கொண்டேதான் போகும். அப்புறம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் போர்வையாக இருந்த மேகம் போய்விடுகிறது. முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. பள்ளத்துத் தேயிலைதான் முதலில் கருகும். நாற்றுக்கு மிலாறு (செடிக் கொப்பு) போட்டு மூடிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்று சாயங்காலமே மூடுங்கள்.