‘நன்றி: கூகுள்’ என்று எழுதினால் போதுமா?

கேள்வி: என் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் செயல்திட்டங்களுக்கு இணையப் படங்களை எடுத்து, அடியில் ‘நன்றி: கூகுள்’ என்று எழுதிவிடுகிறார்கள். இது போதுமா? பதிப்புரிமையை இந்த வயதினருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: போதாது. கூகுள் படங்களைத் தேடித் தரும் கருவி மட்டுமே. படத்தை எடுத்தவரோ வரைந்தவரோ வேறொருவர். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார் என்பதற்காக நூலகரை அதன் ஆசிரியர் என்று சொல்வோமா என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

சட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் ஆளுக்கொரு படம் வரையச் சொல்லி, அதை வேறொருவர் கேட்காமல் எடுத்துத் தம்முடையது என்று காட்டினால் எப்படியிருக்கும் என்று பேசவிடுங்கள். பிறகு, படைப்பாளரின் உரிமையைக் காக்க 1886இல் உருவான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இணைந்துள்ள நாடுகளில், பதிவு செய்யாவிட்டாலும், பதிப்புரிமைக் குறி இல்லாவிட்டாலும், படைப்பின் உரிமை படைத்தவருக்கே உண்டு என்று சொல்லுங்கள். தாங்கள் வரைந்த படத்துக்கும் அது பொருந்தும் என்று அறியும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெரியவர்களே குழம்பும் இடம் ஒன்று உண்டு: பெயரைக் குறிப்பிடுவது வேறு, அனுமதி பெறுவது வேறு. ஆகவே, கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற உரிமங்களின் வழியே முன்கூட்டியே அனுமதி தரப்பட்ட படங்களைத் தேடப் பழக்குங்கள். இத்தகைய படங்களின் இணையச் சேமிப்பகமான விக்கிமீடியா காமன்ஸில் ஒரு யானைப் படத்தைத் திறந்து, கீழேயுள்ள விவரங்களை வகுப்போடு சேர்ந்து வாசியுங்கள். தலைப்பு, படைத்தவர் பெயர், படம் கிடைத்த இணையப் பக்கம், உரிமம் ஆகிய நான்கையும், படத்தைச் சேமிக்கும் அந்த நேரத்திலேயே குறித்துக்கொள்ளச் சொல்வதை நான் மிகவும் வலியுறுத்துவேன். பிறகு தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. யானையை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். உரிமத்தில் ‘வழிப்படைப்புகள் கூடாது’, அதாவது மூலப் படத்தை மாற்றி உருவாக்கியவை கூடாது, என்ற நிபந்தனை இருந்தால், மாற்றிய படத்தை வெளியிடவே கூடாது.

கற்பித்தலுக்காகப் பல நாடுகளின் சட்டங்கள் வரம்புக்குட்பட்ட விலக்கு அளிக்கின்றன. ஆனால், வகுப்பறைச் சுவரில் இருந்த செயல்திட்டத்தைப் பள்ளியின் இணையதளத்தில் ஏற்றினால் அந்த விலக்கு பொருந்தாமல் போகலாம். ஏற்றுவதற்குமுன் ஒவ்வொரு படத்தின் உரிமத்தையும் சரிபாருங்கள். உரிமம் தெரியாத ஒரு படம் கட்டாயம் வேண்டுமென்றால், உரிமையாளருக்கு மாணவர்களையே ஒரு கடிதம் எழுதச் சொல்லலாம். பதில் வராவிட்டால் அனுமதி கிடைக்கவில்லை என்றே பொருள். அந்த இடத்தில் அவர்களே ஒரு படம் வரையட்டும்.