மீன் பேர் எழுதும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

ஐயா, வணக்கம். மகள் மீன்வளப் படிப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார், உங்களுக்கோ "மீன் மார்க்கெட்டில் நிற்கவா இவ்வளவு படிக்க வைத்தேன்" என்று வருத்தம். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் பேர் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார் என்று குறைபோலச் சொன்னீர்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை.

இந்தத் துறையில் பேர்தான் பெரிய வில்லங்கம். சென்னையில் வஞ்சிரம் என்பதைத் தூத்துக்குடியில் சீலா என்பார்கள். சென்னையில் போய்ச் சீலா கேட்டால் ஊளி என்கிற வேறு மீனைத் தூக்கித் தருவார்கள். எனக்கே சென்னைக்கு வந்த பிறகுதான் இது தெரிந்தது. பிடிபட்டதைக் கணக்கெடுக்கிறவர் ஊர்ப்பேரை மட்டும் எழுதினால் இரண்டு மீனும் ஒரே கணக்கில் போய்விடும். அதனால்தான் உடல் அடையாளம் பார்த்து அறிவியல் பேர் எழுதுகிறார்கள். வஞ்சிரத்திலேயே பக்கவாட்டில் நெளிநெளியாகக் கோடு விழுந்தது ஒன்று, புள்ளி விழுந்தது இன்னொன்று. நண்டு ஓட்டில் மூன்று புள்ளி இருந்தால் ஓர் இனம், சிலுவை மாதிரி தெரிந்தால் வேறு இனம். கணவாயை அறுத்தால் உள்ளே சுண்ணாம்பு ஓடு இருக்கும், அது ஓட்டுக் கணவாய். கண்ணாடிபோல மெல்லிய தண்டு இருந்தால் ஊசிக் கணவாய். சிலதில் சட்டமும் உண்டு. கடல் அட்டையை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், பிடித்தால் வழக்குதான்.

இந்தக் கண் உள்ளவர்களுக்கு வேலை இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கியது. முன்பு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் இருந்த தலைமையகம் இப்போது கொச்சியில். அதன் ஆட்கள் மீன் இறங்குதளங்களில் நின்று, எந்த இனம் எவ்வளவு வந்தது என்று குறிக்கிறார்கள். மாநில மீன்வளத் துறையில் ஆய்வாளர் வேலை, ஏற்றுமதிக் கம்பெனிகளில் தரக்கட்டுப்பாடு, வங்கிகளில் வேளாண் அலுவலர் பணி இவையும் உண்டு.

படிப்பு பி.எஃப்.எஸ்ஸி., அதாவது மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம், நான்கு வருடம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-லிருந்து இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் வந்தது 2012-இல். நீட் தேவையில்லை.

ஒன்றை மட்டும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாடத்தில் வளர்ப்பு மீனுக்கும் பெரிய இடம் உண்டு: குளம், தீவனம், நோய். கடல் மீனை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று போனால் இரண்டாம் வருடமே சலித்துவிடும். இனங்களை அடையாளம் காண்பதையே தொழிலாக்க வேண்டுமானால் பட்டம் போதாது, மேற்படிப்பு வேண்டும். அதற்கு மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டுப் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிற வழியும் உண்டு. இரண்டிலும் பொறுமை வேண்டும். ஆராய்ச்சி வேலைகள் குறைவு, போட்டி அதிகம்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் மகளைத் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஏலமும் களைகட்டாது. அதனால் அதற்கு முன்னாலோ அப்புறமோ போங்கள். நாற்றத்தையும் சத்தத்தையும் தாண்டி இரண்டு மணி நேரம் அவர் நிற்கிறாரா என்று பாருங்கள். நோட்டை மறக்க வேண்டாம். தரை முழுக்க ஈரம், வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.