பர்மாவில் உள்ள சின்னத் தமிழ்க் கிறிஸ்தவ சபைகள் செய்யும் தான தர்மம் எல்லாம் மதமாற்றத்துக்காகத்தானா? உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

யாங்கூனில் தாம்வே பக்கம் இருக்கிறது எங்கள் சபை. தமிழ் ஆராதனைக்கு வருவது 40 குடும்பம். தர்மக் கணக்கு நோட்டு 9 வருடமாக என் கையில் இருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் வேலையில் பெரிய பங்கு பிடி அரிசி. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். இங்கே 26 வீடுகளில் அப்படி எடுத்து வைக்கிறார்கள். மாதம் 30 படி சேரும். இந்த ஊர் அளவுக்கு 24 படி ஒரு மூட்டை. ஆக ஒன்றேகால் மூட்டை. வீட்டுக்கு 3 படி என்று 10 வீடுகளுக்குப் போகிறது. அவ்வளவுதான் எங்கள் பெரிய திட்டம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து பவ்சான் என்னும் உயர்ந்த ரக அரிசி வரும், இன்னொரு வீட்டிலிருந்து மலிவான முரட்டு அரிசி வரும். கலந்து வடித்தால் ஒன்று குழைந்துவிடும், மற்றது விதையாக நிற்கும். வாங்குகிறவர்கள் வாய் திறந்து சொல்லவில்லை. என் அம்மாதான் ஒரு நாள் அந்த அரிசியை வடித்துப் பார்த்துவிட்டு, "இதை நாம சாப்பிடுவோமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து கலப்பு அரிசியைத் தெருமுனை அரிசிக்கடையில் கொடுத்து ஒரே ரகமாக மாற்றிக்கொள்கிறோம். கடைக்காரர் பர்மியர், பௌத்தர். மாற்றித் தருவதோடு ஒவ்வொரு மாதமும் 1 படி சேர்த்தே போடுகிறார். பிறர் நலத்துக்குச் செய்யும் வேலையைப் பர்மிய மொழியில் 'பரஹித' என்பார்கள். இந்த நாட்டில் அது மதம் பார்த்து நடப்பதில்லை. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் எங்கள் சபைக் கோவில் கூரையும் பின்னால் இருந்த வீடுகளும் போனபோது, 11 நாள் எங்களுக்குச் சோறு போட்டது பக்கத்துத் தெருப் பொங்கி மடம், அதாவது புத்த பிக்குகளின் மடம். இறுதிச் சடங்குக்கு வழியில்லாதவர்களுக்கு, நடிகர் ஜோ தூவும் நண்பர்களும் 2001-இல் தொடங்கிய இலவச இறுதிச் சடங்கு சங்கம் எந்த மதமென்று கேட்காமல் வண்டி அனுப்புகிறது. எங்கள் சபையில் இறந்தவர்களுக்கும் அந்த வண்டி வந்திருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாங்களும் ஒரு காலத்தில் ஜெபத்தோடு சேர்த்துத்தான் அரிசி கொடுத்தோம். வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்கூட்டம் முடிந்த பிறகே பை கைக்கு வரும். அது தவறென்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. முனீஸ்வரன் கோவில் பக்கம் குடியிருந்த ஒரு பாட்டி மூன்று மாதம் வந்தார், பிறகு வரவில்லை. தேடிப் போனேன். "ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வாங்கினா அது கூலி மாதிரி இருக்கு தம்பி. தர்மம்னா வாங்கிக்கிறேன். கூலின்னா இந்த வயசுல வேற வேலை பாத்துக்கிறேன்" என்றார்.

இதைக் கமிட்டியில் சொன்னபோது எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் போதகர் ஐயாவே முடிவு சொன்னார். சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் அரிசியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, அவர்களாகக் கேட்டாலன்றி ஜெபம் செய்வதில்லை, போட்டோ எடுப்பதில்லை. பாட்டி வீட்டுக்கு முதல் பை போனது. இன்று அந்த 10 வீட்டில் கிறிஸ்தவர்கள் 3, இந்துக்கள் 5, பர்மிய பௌத்தர்கள் 2. அரிசி வாங்கிய வீடுகளிலிருந்து இந்த 9 வருடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் ஒருவர். அவர் வந்து கேட்டபோது மகனுக்கு வேலை கிடைத்து, அரிசி வாங்குவதை நிறுத்தி 2 வருடம் ஆகியிருந்தது. உதவியை வைத்து ஆள் சேர்க்கும் சபைகள் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். பார்த்திருக்கிறேன். அது கொடுக்கிறவரையும் கெடுக்கிறது, வாங்குகிறவரையும் கெடுக்கிறது.

அரிசியைவிட அதிக நேரம் எடுப்பது காகித வேலை. 1982 குடியுரிமைச் சட்டத்தின்படி இங்கே முழுக் குடியுரிமைக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடியுரிமைக்கு நீலம், குடியுரிமை கேட்டுப் பெற்றவர்களுக்குப் பச்சை. 1948 ஜனவரி 4-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்தது என்று காட்ட வேண்டியிருக்கும்போது தாத்தாவின் காகிதம் எங்கே என்று தேட வேண்டும். யுத்தத்தில் தொலைந்திருக்கும், இல்லாவிட்டால் கரையான் தின்றிருக்கும். நம் பெரியம்மாக்கள் பலர் பர்மிய மொழி சரளமாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. சபைப் பிள்ளைகள் இருவர் மனு எழுதிக்கொடுத்து, கூடவே ஆபீசுக்குப் போய் நிற்கிறார்கள். ஒரு காகிதத்துக்கு ஐந்து முறைகூட நடந்திருக்கிறோம். இதற்குப் பணம் வேண்டாம். நாள் முழுக்கக் காத்திருக்க ஓர் ஆள் வேண்டும்.

2021 ஜூலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கொரோனா மூன்றாம் அலை. மருந்து வேண்டுமென்றால் மஞ்சள் துணி, சாப்பாடு வேண்டுமென்றால் வெள்ளைத் துணி என்று வாசலில் கட்டிக்கொண்டிருந்த நாட்கள். எங்களிடம் 40 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு இருந்தன. 40 லிட்டர் என்பது உருளையின் கொள்ளளவு. வாயுவை அழுத்தி அடைப்பதால் அதைப்போல் பல மடங்கு பிடிக்கும். முழுதாக நிரப்பினால், நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 20 மணி நேரம் வரும். நோய் முற்றி 10 லிட்டர் வைத்தால் 10 மணி நேரம்தான். நிரப்பும் இடத்தில் விடியற்காலையிலிருந்து வரிசை. சிலிண்டர் இரண்டு, கேட்ட வீடுகள் மூன்று. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு யாருக்கு மிகக் குறைவோ அவர்களுக்கு முதலில் என்று எழுதி வைத்திருந்தோம். அதன்படி ஒன்று பக்கத்து வீட்டுப் பர்மியப் பெரியவருக்கு, ஒன்று ஒரு முஸ்லிம் வீட்டுக்குப் போனது. காத்திருந்தவர் எங்கள் சபை மூப்பர். என்னோடு உட்கார்ந்து அந்த விதியை எழுதியவரும் அவர்தான். காலி சிலிண்டரை நிரப்பிக்கொண்டு நாங்கள் திரும்புவதற்குள் போய்விட்டார்.

இப்போது சிலிண்டர் மூன்று இருக்கிறது. மூன்றாவதுக்கு முதல் பணம் கொடுத்தவர் மூப்பரின் மனைவி. மூச்சுத்திணறல் உள்ள யாரும் எடுத்துப் போகலாம். வாடகை கிடையாது, திருப்பித் தரும்போது நிரப்பித் தரவும் வேண்டாம். நிரப்புவது எங்கள் வேலை.