நிழல் வராத அறை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

2020 டிசம்பர் 14 அன்று சிலியிலும் அர்ஜென்டினாவிலும் தெரிந்த முழு சூரிய கிரகணத்துக்குப் போக இரண்டு வருடம் பணம் சேர்த்திருந்தேன். கொரோனா வந்து எல்லா வழியையும் அடைத்துவிட்டது. கடைசியில் வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்த்தேன். கறுப்பு வட்டம், அதைச் சுற்றி வெள்ளை வளையம், அவ்வளவுதான். நேரில் பார்த்தவர்கள் அழுதுவிட்டோம் என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. 2027 ஆகஸ்ட் 2 கிரகணத்துக்கும் போக முடியாது, இந்த முறை உடல்நிலை. திரையில் பார்த்ததை ‘கிரகணம் பார்த்தேன்’ என்று சொல்லிக்கொள்ளலாமா? இல்லை, பேசாமல் விட்டுவிடலாமா?

பின்குறிப்பு: அன்று என் மகன் கிரகணக் கண்ணாடி கேட்டு அடம்பிடித்தான். திரையில் பார்க்கவும் அது வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் விட்டுவிடவும் வேண்டாம்.

கிரகணத்தின்போது சூரியனுக்கு ஒன்றும் ஆவதில்லை. நிலவின் நிழல் ஒலியைவிட வேகமாக வந்து நம்மைக் கடந்து போகிறது. வெயிலின் நிறம் மாறும், சூடு இறங்கும், அடிவானத்தில் எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் அந்தி தெரியும். நேரில் போனவர்களை அழவைப்பது இதெல்லாம் சேர்ந்துதான். அந்த நிழல் உங்கள் அறைக்குள் வரவில்லை. அழுகை வராததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

கேமராவுக்கும் இதில் பங்கு உண்டு. சூரியனின் ஒளிவளையத்தில் உள்விளிம்பு மிகப் பிரகாசம்; வெளியே போகப்போக வெளிச்சம் ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். நம் கண் இரண்டையும் ஒன்றாகச் சமாளிக்கிறது. கேமராவோ ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிடும். பத்திரிகைகளில் வரும், முடியிழை போலக் கதிர்கள் நீளும் படங்கள் வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த பல படங்களைச் சேர்த்துக் கணினியில் உருவாக்கியவை. செக் நாட்டுக் கணிதப் பேராசிரியர் மிலோஸ்லாவ் டிரக்முல்லர் அதில் பெரிய கை. நேரலையில் அதற்கெல்லாம் நேரமில்லை. அதனால்தான் உங்களுக்கு வெறும் வெள்ளை வளையம் கிடைத்தது.

அந்த ஒளிவளையத்துக்கும் கொரோனா என்றுதான் பெயர். 1968-ல் வைரஸ் குடும்பத்துக்குப் பெயர் தேடியவர்கள் சூரியனின் கொரோனாவை மனதில் வைத்துத்தான் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஒரு கொரோனாவைப் பார்க்கவிடாமல் இன்னொரு கொரோனா தடுத்துவிட்டது, பாருங்கள்.

சரி, அதே டிசம்பரில் நடந்த வேறொன்றைச் சொல்கிறேன். கிரகணத்துக்கு முந்தின நாள், 13-ம் தேதி, தாய்லாந்தைச் சேர்ந்த வோரசேட் பூன்ப்லோட் என்ற அமெச்சூர் வானியலாளர் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். தொலைநோக்கியில் அல்ல, கணினித் திரையில். பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, 1995-ல் ஏவப்பட்ட சோஹோ என்ற விண்கலம் சூரியனைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதன் கருவியில் ஒரு சிறு தட்டு சூரியனை மறைத்து நிற்கும். ஓயாத செயற்கைக் கிரகணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்கள் இணையத்தில் யாருக்கும் இலவசம். அவற்றில் ஊர்ந்த ஒரு மங்கல் புள்ளிதான் இவர் கண்ணில் பட்டது. அதன் குறுக்களவு சுமார் 15 மீட்டர் என்று கணக்கிட்டார்கள்.

மறுநாள் அர்ஜென்டினாவில் எடுத்த கிரகணப் படங்களில், கொரோனாவுக்குப் பக்கத்தில், அந்தப் புள்ளி இருந்தது. சூரியனை நெருங்கும் முன்பே அது தூளாகிப்போனது. நிழலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தவர்களின் வெறுங்கண்ணுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அங்கே போகாத ஒருவருக்கோ, அது அங்கே இருக்கும் என்று ஒரு நாள் முன்பே தெரியும்! திரை என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

போவதற்காக உயிரைப் பணயம் வைத்தவர்களும் உண்டு. 1870-ல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்தது. டிசம்பர் 22 கிரகணத்தை அல்ஜீரியாவின் ஒரானில் பார்க்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் ஜூல் ஜான்சென், டிசம்பர் 2 அன்று பலூனில் ஏறி எதிரிப் படையின் தலைக்கு மேலே பறந்து தப்பினார். ஒரானுக்கும் போய்ச் சேர்ந்தார். அன்று அங்கே மேகம்.

2020-லும் சிலியில் பல இடங்களில் மழை. புக்கோனில் கூடியிருந்தவர்களுக்கு மேகத்தின் பின்னால் நடந்ததெல்லாம் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் இருட்டு வந்தது, கூட்டம் கத்தியது. எனக்குப் பிடித்த கிரகணக் காட்சிகள் எல்லாமே இந்த மாதிரிதான்: சூரியன் கால்வாசி, மனிதர்கள் முக்கால்வாசி.

அதனால் 2027-ல் தொலைநோக்கிக் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். நிலப்பரப்பு முழுவதும் தெரியும் அகலக் கோண நேரலை ஒன்றைத் தேடுங்கள், வர்ணனை குறைவாக இருந்தால் நல்லது. அங்குள்ள கூட்டத்தின் சத்தத்தைக் கேளுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒரே இடத்தை நம்பவும் வேண்டாம். ஓரிடத்தில் மேகம் வந்தால் இன்னொன்றுக்குத் தாவலாம். எகிப்தின் லக்ஸர் பக்கம் முழு மறைப்பு 6 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும், 2020-ல் அதிகபட்சமே 2 நிமிடம் 10 விநாடிதான். தாவ நேரம் இருக்கிறது. அப்புறம், பூமியைப் படமெடுக்கும் வானிலைச் செயற்கைக்கோள்களின் காட்சியை அன்றே தேடிப் பாருங்கள். நிழல் ஒரு கரும்பொட்டாகப் பூமியின்மேல் நகர்ந்து போகும். நிழலுக்குள் நிற்பவர்களுக்கு அது கிடைக்காது.

மகனிடம் சொல்லுங்கள்: திரைக்குக் கண்ணாடி வேண்டாம். போட்டுப் பார்த்தால் அவனுக்குத் திரையே தெரியாது, கும்மிருட்டுதான். அந்தக் கண்ணாடி வழியாகச் சூரியனும் அதுபோலக் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சமும் மட்டும்தான் தெரிய வேண்டும், சாதாரணப் பொருள்கள் தெரிந்தால் அது போலி. உங்கள் ஊரில் பகுதிக் கிரகணம் தெரியுமானால் அன்று வாசலில் நின்று போட்டுக்கொள்ளட்டும். அதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை அதைக் கையில் வாங்கிப் பாருங்கள், கீறல் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக் கொடுங்கள்.